பறவையின் கண்ணும் இடைநின்ற காற்றும்

துரோணாசாரியார் தம் மாணாக்கரை வரிசையாக நிறுத்தி, மரக்கிளையில் வைத்த பறவையைக் காட்டி, யாது காண்கின்றாய் என ஒவ்வொருவரையும் வினாவிய கதையை அறியாத தமிழாசிரியர் இலர். மரத்தைக் கண்டேன், கிளையைக் கண்டேன், தங்களையும் கண்டேன் என்றவர்கள் வில்லைக் கீழே வைக்கப் பணிக்கப்பட்டனர். பறவையின் கண்ணையன்றிப் பிறிதொன்றையும் காணேன் என்ற அருச்சுனன் மட்டுமே அம்பு தொடுக்க விடை பெற்றான். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்றுவரும் யான் இக்கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கிட இயலாது. பரீட்சை நெருங்குந்தோறும் சொல்லியிருக்கிறேன். சன்னலுக்கு வெளியே பராக்குப் பார்க்கும் பிள்ளையைக் கண்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அக்கதை சொல்லும் உண்மை பாதியே என்பதை 2023 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இங்கிலாந்தின் சறேப் பகுதியிலுள்ள பிஸ்லி என்னும் இடத்தில், என் பழைய மாணவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு அது பயன்படலாம் என்பதால் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதலில் அம்மாணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1994 ஆம் ஆண்டு யான் வலிகாமத்தின் மேற்குக் கரையை அண்டிய பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் சன்னலோர வாங்கில் ஒரு பையன் இருந்தான். கேட்ட வினாவுக்கு விடை சொல்லுவான். ஆனால் அவன் கண் பனையோலைகளை விட்டுத் திரும்பாது. ஒருநாள் பாடத்தின் நடுவே, "ஐயா, சோளகம் விழுந்துவிட்டது" என்று உரக்கச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. யான் அருச்சுனன் கதையைச் சொல்லி, அவனை எழுப்பிச் சுவரோரத்து முன்வாங்கில் இருத்தினேன். தவணை அறிக்கையில், "பராக்குப் பார்ப்பவன், கவனம் போதாது" என எழுதினேன். எழுதியதை மறந்தும் போனேன். மறு ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவ்வகுப்பும் வாங்குகளும் சிதறிப்போயின.

உறவினர் இல்லத் திருமணத்துக்காக இலண்டன் சென்றிருந்தபோது அவர் என்னைத் தேடி வந்தார். நடுவயதினர், காதோரம் நரைத்திருந்தது. பொறியியல் நிறுவனம் ஒன்றில் பணி புரிகின்றார். ஓய்வு நாட்களில் யாது செய்கின்றீர் என்று வினாவினேன். "நெடுந்தூர இலக்குச் சுடுகிறேன், ஐயா. வருகிற வாரம் பிஸ்லியில் போட்டி. வந்து பாருங்கள்" என்றார். எனக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

பிஸ்லி பழைமை வாய்ந்த களம். பிரித்தானிய தேசிய றைபிள் சங்கம் 1859 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதற் போட்டி 1860 ஆம் ஆண்டு யூலையில் விம்பிள்டன் வெளியில் நடந்தது. தாங்கியிற் பொருத்தப்பட்ட விற்வேர்த் துவக்கினால், 400 கெஜ இலக்கின் நடுவை விக்டோரியா மகாராணியாரே முதலிற் சுட்டுத் தொடங்கிவைத்தார். 1890 ஆம் ஆண்டில் களம் பிஸ்லிக்கு மாறியது. ஆண்டுதோறும் யூலையில் நடைபெறும் பெரும் போட்டியின் உச்சப் பரிசு, நாடாள்பவர் அரசியாயின் அரசிப் பரிசு என்றும், அரசராயின் அரசர் பரிசு என்றும் வழங்கும். வென்றவரை நாற்காலியில் இருத்தித் தோளிற் சுமந்து செல்வர். 1930 ஆம் ஆண்டில் அவ்வாறு சுமக்கப்பட்டவர் மார்ஜரி பொஸ்டர் என்னும் பெண்மணி. அப்பரிசை வென்ற முதற் பெண் அவரே.

களத்தின் வாயிலில் முதல் வெடியோசை கேட்டதும் என் உடல் தானே குனிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆங்கிலேய முதியவர் ஒருவர் என்னை வியப்புடன் பார்த்தார். அவ்வோசை அவருக்கு விளையாட்டு. எங்கள் நாட்டில் இரு தலைமுறையினர் அதனை வேறு வகையில் கேட்டவர்கள். நிமிர்ந்ததும் மாணவரைக் கேட்டேன். "தம்பி, இவ்வோசையை விட்டல்லவோ நீர் இவ்வளவு தூரம் ஓடி வந்தீர்? மீண்டும் அதனையே தேடிப் போனது ஏன்?"

"முழுவதும் பார்த்துவிட்டுக் கேளுங்கள், ஐயா" என்றார்.

பார்த்தேன். ஆயிரம் கெஜம் என்பது அரை மைலிலும் அதிகம். அத்தொலைவில் இலக்குப்பலகையின் கரிய வட்டம் ஊசிமுனையிற் குத்திய புள்ளிபோலத் தோன்றும். அதன் நடுவே, ஐந்து புள்ளிக்குரிய நடுக்கண்ணின் குறுக்களவு சுமார் இரண்டடி. அவர் சுடும் போட்டியில் துவக்கின்மேல் தொலைநோக்கி பொருத்த அனுமதி இல்லை. பின்னே சிறு துளையும் முன்னே ஒரு வளையமுமே குறி பார்க்கும் கருவிகள். முட்டுக்கொடுக்கத் தாங்கியும் இல்லை. தரையிற் குப்புறக் கிடந்து, இடக்கையைத் தோற்பட்டியால் இறுக்கி, எலும்பின்மேல் துவக்கை ஏந்தவேண்டும். தசையால் ஏந்தினால் நடுங்கும் என்றார்.

கிடந்ததும் அவர் கண்களை மூடினார். சிறிது பொறுத்துத் திறந்தார். துவக்கு இலக்கை விட்டு வலப்புறம் விலகியிருந்தது. கையினால் அதனைத் திருப்பாமல், இடுப்பையும் காலையும் நகர்த்தி உடலையே திருப்பினார். மறுபடி கண் மூடித் திறந்தார். இம்முறை குறி தானாகவே இலக்கில் நின்றது. உடலின் இயல்பான நோக்கும் இலக்கும் ஒரே கோட்டில் அமையும்வரை விசையைத் தொடுவதில்லை. கையின் வலியால் இழுத்து நிறுத்திய குறி, வெடிக்கும் கணத்தில் தன் இயல்பான இடத்துக்கே திரும்பிவிடுமாம். மூச்சைப் பாதி வெளிவிட்டு, அடுத்த மூச்சு எழுமுன் உள்ள சிறு அமைதியில் விசையை மெல்ல அழுத்துவர். பறித்திழுத்தால் குழல் அசையும். இத்துணையும் அருச்சுனன் பாடமே என்று மனத்துள் மகிழ்ந்தேன்.

"இது முதல் வகுப்பு, ஐயா. இங்கே கிடக்கும் எல்லோருக்கும் இது வரும்" என்றார் அவர்.

அடுத்து அவர் காட்டியது பின்குறியிலுள்ள சிறு திருகுகளை. ஒவ்வொரு சொடுக்கும் கால் கலை என்றார். அச்சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு உவகை பிறந்தது. வட்டம் 360 பாகை. பாகை ஒன்று 60 கலை. நம் கணித நூலோர் வழங்கிய அளவையே அது. பாடசாலையிற் கற்ற சொல்லை அவர் மறக்கவில்லை. நூறு கெஜத்தில் ஒரு கலை ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலம். மதியின் பதினாறில் ஒரு கூறும் கலை. கற்கப்படும் வித்தையும் கலை. சிறு கூறு என்பதே அச்சொல்லின் அடிப்பொருள்களில் ஒன்று. சிறு கூறுகளைப் பேணுவது வித்தை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகின்றது.

சன்னம் ஏறத்தாழ பத்துக் கிராம் எடையுள்ளது. குழலை விட்டு விநாடிக்கு 2,900 அடியளவான விரைவிற் புறப்பட்டு, ஆயிரம் கெஜத்தைக் கடக்கச் சுமார் ஒன்றரை விநாடி எடுக்கும். அதற்குள் பூமியின் ஈர்ப்பு அதனை ஏறத்தாழ முப்பதடி கீழே இழுத்துவிடும். ஓர் இளம்பனையின் உயரம் அது. ஆயினும் ஈர்ப்பை எண்ணி ஒருவரும் அஞ்சுவதில்லை. அது இன்றும் நாளையும் ஒன்றே. ஒருமுறை அளந்து திருகை உயர்த்தினாற் போதும். அஞ்சவேண்டியது காற்றை.

குறுக்காக மணிக்குப் பத்து மைல் விரைவில் வீசும் காற்று, அச்சன்னத்தை ஆயிரம் கெஜத்தில் ஏழு எட்டடி தள்ளிவிடும். ஒரு மைல் வேறுபாட்டுக்குச் சுமார் ஒன்பது அங்குலம். நடுக்கண்ணின் நடுவிலிருந்து ஓரம் வரை பன்னிரண்டு அங்குலமே. ஆகவே காற்றை ஒன்றரை மைல் பிழையாக மதித்தவன், கை சிறிதும் அசையாமற் சுட்டாலும் நடுக்கண்ணை இழப்பான். மணிக்கு ஒன்றரை மைல் என்பது யாது? முகத்தில் உணரக்கூட அரிதான அசைவு.

திசையும் கணக்கிலுண்டு. களத்தை மணிக்கூட்டு முகமாகவும், இலக்குப் பன்னிரண்டு மணியில் நிற்பதாகவும் கொள்வர். மூன்று மணி, ஒன்பது மணித் திசைக் காற்றுக்கு முழுப் பெறுமானம். பன்னிரண்டு, ஆறு மணித் திசைக் காற்றுப் பக்கவாட்டில் தள்ளாது. ஒரு மணித் திசைக் காற்றுக்குப் பாதிப் பெறுமானம். அதனால் இலக்கிலிருந்து நேரே வீசும் காற்று எளியது என்று எண்ணினேன். அதுவே கொடியது என்றார். நேர்காற்றுச் சிறிது இடமோ வலமோ திரும்பினாலும் சன்னம் இருபுறமும் அலையும். அன்றியும், சுடுபவரின் அருகே ஒரு காற்று, நடுவே ஒரு காற்று, இலக்கருகே மற்றொரு காற்று. தொடக்கத்தில் விலகிய சிறு கோணம் போகப்போக விரியுமாதலால், அருகிலுள்ள காற்றையும் புறக்கணிக்கலாகாது.

இவற்றை அறிவதற்கு அவர் எங்கெங்கோ பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். மர உச்சிகளைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். பின் பக்கத்தில் நிறுத்திய தொலைநோக்கியில் கண் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். இலக்குக்கு இப்பால் வெறுவெளியில் கானல் ஓடிற்று. சங்கச் சான்றோர் பேய்த்தேர் என்று பெயரிட்ட அதே கானல். நீரோடைபோல இடமிருந்து வலமாக ஓடிய அது, பார்த்துக்கொண்டிருக்கவே சாய்வு குறைந்து, கொதிக்கும் பானையின் ஆவிபோல நேரே மேலெழுந்தது. "இப்போது சுடக்கூடாது, ஐயா. காற்று நின்றிருக்கலாம், திசை மாறப்போகவும் கூடும்" என்றார். வேட்டு வேட்டாகப் பக்கத்தில் வெடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண்ணை எடுத்து, மூச்சு வாங்கிக் காத்திருந்தார். ஒரு சூட்டுக்கு 45 விநாடியே அவகாசம். கானல் மறுபடி சாய்ந்தது. இம்முறை வலமிருந்து இடமாக. திருகை ஆறு சொடுக்குத் திருப்பினார். சுட்டார். பலகை கீழே இறங்கிற்று. மறுபடி எழுந்தபோது நடுக்கண்ணில் வட்டத் தகடு தெரிந்தது.

இலக்கை மட்டும் பார்த்திருந்தால் அச்சன்னம் எங்கு போயிருக்கும்? அருச்சுனன் நின்றது சில கோல் தூரத்தில். அங்கே கண்ணுக்கும் அம்புக்கும் இடையில் யாதொன்றும் இல்லை. தூரம் நீள நீள, இடையிலுள்ளது பெருகுகின்றது. ஆயிரம் கெஜத்தில் இடையிலுள்ளதே வித்தையின் பெரும்பகுதி.

"காற்றைப் பார்க்க யார் பழக்கினார்கள்?" என்று கேட்டேன்.

"அப்பு" என்றார். "விடியற்காலையில் கரைவலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கச்சான், சோளகம், வாடை, கொண்டல் எல்லாம் பனையோலையையும் நீரின் முகத்தையும் பார்த்துச் சொல்லித் தந்தார்."

பிறகு சற்றுத் தயங்கி, குற்றஞ்சாட்டும் குரலன்றி இதையும் சொன்னார். என் தவணை அறிக்கையைத் தந்தையார் கண்டாராம். பிள்ளை பராக்குப் பார்ப்பது கரைக்குப் போவதால் என்று கருதி, அப்புவுடன் போவதை அன்றே நிறுத்திவிட்டாராம். மறு ஆண்டு இடப்பெயர்வு. முதியவர் தம் கடலை மறுபடி காணாமலே, இடம்பெயர்ந்த இடத்தில் கண்மூடினாராம். அவருடன் கரைக்குப் போகும் நாள் பேரனுக்குப் பின்னர் வரவேயில்லை.

யான் ஒன்றும் சொல்ல இயலாமல் நின்றேன். அவர் எழுந்து, தேநீர் வாங்கி வந்தார்.

அவ்வேளையில் அடுத்த இலக்கில் ஒரு சலசலப்பு. சுட்டவர் நல்ல சூடு என்று நம்பியிருந்தார். ஆனால் அவர் பலகையில் துளை இல்லை. பக்கத்துப் பலகையில் இரண்டு துளைகள். ஒன்றுபோற் பல பலகைகள் நிரையாக நிற்கும் இடத்தில் எண்ணை மாறிக்கண்டுவிட்டார். அயலான் இலக்கில் நடுக்கண்ணே பட்டிருந்தாலும் தன் கணக்கில் அது பூச்சியம். அவரோ வாதாடவில்லை. தலையசைத்து மறுபடி கிடந்தார்.

இதே பிழை ஒரு நாட்டின் வெற்றியையே மாற்றியதென்று மாணவர் சொன்னார். பின்னர் நூல்களிலும் அதனைப் படித்தறிந்தேன். 1873 ஆம் ஆண்டில் விம்பிள்டனில் எல்ச்சோக் கேடயத்தை வென்ற அயர்லாந்துக் குழுவினர், அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தனர். 1874 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆம் திகதி நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், கிறீட்மூர் என்னும் களத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் போட்டி நடந்தது. பக்கத்துக்கு அறுவர், 800, 900, 1,000 கெஜங்களில் ஆளுக்குப் பதினைந்து சூடுகள், அன்றைய முறைப்படி நடுக்கண்ணுக்கு நான்கு புள்ளி. அயர்லாந்தார் வாயால் மருந்திட்டுக் கெட்டிக்கும் றிக்பித் துவக்குகளையும், அமெரிக்கர் பின்புறம் ரவையிடும் றெமிங்டன், ஷார்ப்ஸ் துவக்குகளையும் ஏந்தினர்.

அயர்லாந்துக் குழுவின் மில்னர் என்பவர் நடுக்கண்ணிற் சுட்டார். ஆனால் பிறிதோர் இலக்கின் நடுக்கண்ணில். நான்கு புள்ளி போயிற்று. ஈற்றில் அயர்லாந்து 931. அமெரிக்கா 930, ஒரு சூடு மீதி. அதனைச் சுடவேண்டியவர் ஜோன் போடீன். சற்று முன்னர் இஞ்சிப்பானப் போத்தல் உடைந்து அவர் கையை வெட்டியிருந்தது. குருதி கசியும் கையைத் துணியாற் சுற்றிக்கொண்டு கிடந்து சுட்டார். நடுக்கண். 934க்கு 931 என அமெரிக்கா வென்றது. மில்னர் தம் இலக்கில் அதே சூட்டைச் சுட்டிருந்தால் அயர்லாந்துக்கு 935.

போடீனின் உறுதியை உலகம் போற்றிற்று, போற்றத்தக்கதே. என் மனமோ மில்னரிடமே நின்றது. அவருடைய மூச்சில் பிழையில்லை, விரலில் பிழையில்லை, காற்றைக் கணித்ததிலும் பிழையில்லை. எல்லாம் திருந்திய சூடு. இலக்கு ஒன்றே பிறிது. முப்பது ஆண்டுகளில் ஆசிரியராக யான் அவ்வாறு சுட்ட சூடுகள் எத்தனையோ என்று எண்ணிப்பார்த்தேன். கண்டிப்பில் குறையில்லை, கதையில் குறையில்லை, நோக்கமும் நன்றே.

போட்டி முடியும் வேளையில் மாணவரின் ஒரு சூடு மூன்று புள்ளிக்குரிய வட்டத்தில் விழுந்தது. "காற்று ஏமாற்றிவிட்டதோ?" என்றேன். "காற்று தன்பாட்டில் போயிற்று, ஐயா. நான்தான் கொடியைப் பார்க்காமல் அவசரப்பட்டேன்" என்றார். அப்புள்ளியைப் பதிந்தவர் அவருடன் அவ்விலக்கிலே சுட்ட மற்றொருவர். ஒருவர் கணக்கை மற்றவர் எழுதுவதே அங்கு வழக்கம். மாணவரும் தம் சொந்த ஏட்டில், நேரம், காற்று, திருகின் நிலை, தகடு எழுமுன் தாம் மதித்த இடம், உண்மையில் சன்னம் பட்ட இடம் அனைத்தையும் குறித்துக்கொண்டார். நல்ல சூட்டுக்கும் தீய சூட்டுக்கும் ஒரே எழுத்து. அவ்வேட்டின்றி நெடுந்தூரச் சூடு இல்லை என்றார்.

அப்போது என் முதல் வினாவுக்கு விடை வந்தது.

"ஐயா, ஊரில் இரவிரவாக வெடி கேட்கும். எங்கே விழுந்ததென்று விடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. விடிந்த பிறகும் யார் சுட்டது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இங்கே சுடும் ஒவ்வொரு சன்னத்துக்கும் கணக்கு உண்டு. யார் சுட்டது, எங்கே பட்டது, எத்தனை விரல் விலகியது எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பிழை என்றால் பிழை என்று சுட்டவனே ஒப்புக்கொள்கிறான். எனக்கு அது வேண்டியிருந்தது."

சிவப்புக் கொடி இறங்கும்வரை, அனைத்துத் துவக்குகளும் வெறுமையென்று சோதிக்கப்படும்வரை, ஒருவரும் முன்னே அடி வைக்கவில்லை. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைப்பதற்கும் காவற்றுறையின் அனுமதிப் பத்திரம் வேண்டுமாம். இவற்றையெல்லாம் அவர் சுமையாகக் கருதவில்லை. அவற்றுக்காகவே அவ்வித்தையை விரும்பினார்போலும்.

ஊர் திரும்பியபின் அருச்சுனன் கதையை யான் விட்டுவிடவில்லை. ஒருமுகப்பட்ட நோக்கின்றி எவ்வித்தையும் கைகூடாது. ஆனால் கதையின் முடிவில் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்கிறேன். பறவை ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இருந்திருந்தால் அருச்சுனன் வேறு எவற்றைப் பார்த்திருக்கவேண்டும்? பிள்ளைகள் தரும் விடைகளிலிருந்து அன்றைய பாடம் வேறு வழியிற் செல்வதுண்டு. சன்னலோரத்துப் பிள்ளையை எழுப்புமுன், வெளியே யாது காண்கின்றாய் என்று கேட்கிறேன். பல வேளைகளில் அது வெறும் பராக்கே. சில வேளைகளில் அவ்வாறன்று.

1994 ஆம் ஆண்டு தவணை அறிக்கையில் யான் எழுதிய அவ்வரியைத் திருத்த இயலாது. அறிக்கையும் இல்லை, அந்த அப்புவும் இல்லை. எனினும் சுட்டவனே தன் பிழையை எழுதிவைக்கவேண்டும் என்பது அக்களத்தின் முறை. ஆதலால் இங்கே எழுதுகின்றேன்: அது குறி தப்பாத சூடு, பட்டது பிறிதோர் இலக்கில், புள்ளி பூச்சியம்.